பாப்பா எழுந்த இடத்தில் தொடரும்

கைபேசிச் செயலியில் நான் எழுதும் திகில் தொடர்களுக்கு இப்போது வாசகர்கள் நிறைய. உங்கள் முதல் தொடரைப் புத்தகமாகப் போடுகிறோம், திருத்தி அனுப்புங்கள் என்று ஒரு பதிப்பகம் கேட்டது. அந்தச் சந்தோஷம், பழைய அத்தியாயங்களைத் திறந்து படிக்கும்வரைதான்.

ஒன்றுகூட ஒழுங்காக முடியவில்லை. பட்டுக்கடை முதலாளியைக் கொன்றவனைத் தேடிப் போகும் பெண் போலீஸ், கிடங்குக் கதவைத் தள்ளுகிறாள், அதோடு 'தொடரும்'. போன் அடிக்கிறது, எடுக்கிறாள், 'தொடரும்'. காசு கொடுத்து வாங்குகிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? எம்.ஏ. படித்தவள் எழுத்தா இது என்று கேட்டால்?

மகளைப் பள்ளியில் விட்டுவந்த காலைகளில் உட்கார்ந்து, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நிதானமான முடிவு எழுதினேன். அதை நாத்தனாரிடம் கொடுத்தேன். முதல் தொடரை விடாமல் படித்தவள் அவள். செவிலிமேட்டிலிருந்து வாலாஜாபாத்துக்கு வேலைக்குப் போகிறாள், பஸ்ஸில்தான் படிப்பு.

மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"இன்னா அண்ணி இது? கொலைகாரன் வர்றதுக்குள்ள வாலாஜாபாத் வந்துடுது. நல்லா தூங்கிட்டேன்."

"திருத்தியிருக்கேன்மா."

"திருத்தினீங்களா, தாலாட்டு பாடினீங்களா? பழசுல கதவுகிட்ட வுட்டுட்டுப் போனீங்களே, மறுநாள் வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. அது எங்க?"

"அது நானா விட்டது இல்ல. பாப்பா எழுந்துக்கிச்சு."

உண்மைதான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே கைபேசியில் எழுதிய கதை அது. தூளி அசைந்தால் 'தொடரும்' போட்டு உடனே ஏற்றிவிடுவேன். மறுபடி படித்தால் சந்தேகம் வந்துவிடும். கிடங்குக் கதவு வரை எழுதிய அன்று மகளுக்குக் காய்ச்சல். தோளைவிட்டு இறங்கவேயில்லை. கதவுக்குப் பின்னால் யார் என்று எனக்கே தெரியாது.

பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்து நாத்தனார் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். "அப்போ நாங்கல்லாம் பயந்துக்கினு கெடந்தது, இவ எழுந்து அழுததுக்கா?"

"அத்தை, அந்தக் கதை நானா எழுதினேன்?" என்றாள் மகள்.

"பாதி நீதான்டி."

பழையதை மறுபடி படித்தேன். எனக்குத் தெரியாததை வைத்தே அத்தனை பேரைக் காக்க வைத்திருக்கிறேன். தூக்கமில்லாத அந்த நாட்களில், ஒரு கையால். எழுதியவள் நான்தான் என்று முதல்முறையாகப் பெருமையாக இருந்தது.

எழுத்துப் பிழைகளை மட்டும் நீக்கிப் பழையதையே அனுப்பினேன். அத்தியாய முடிவுகளில் கை வைக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதினேன். முன்னால் 'தயவுசெய்து' சேர்த்தேன். பிறகு அதை எடுத்துவிட்டேன்.