அம்மாவின் இடது காலும் அண்ணியின் கையும்

ஓராண்டுக்கு முன் அம்மாவை வழியனுப்ப வந்து நின்ற உற்றார் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் வணக்கம். அம்மாவின் நினைவு மலரில் மகள் எழுதுவதுதான் முறை என்று அண்ணன் சொல்லிவிட்டார். அண்ணியைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சேர்த்துக்கொள் என்றும் சொன்னார். அந்த நான்கு வார்த்தைக்காகவே இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

அம்மா பிறந்தது எர்ணாவூரில். வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூரில். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பா, நானும் அண்ணனும் பள்ளியில் படிக்கும்போதே காலமானார். அதன்பின் ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் ஈரத்தரையில் நின்றே அம்மா எங்களை ஆளாக்கினார். யாரிடமும் கை நீட்டியதில்லை. கோபம் வந்தால் அவர் பேசமாட்டார், பாத்திரங்கள் பேசும்.

பின்பு சர்க்கரை வந்தது. அண்ணனுக்குக் கல்யாணமான மறுவருடம் பக்கவாதமும் வந்தது. பேச்சு திரும்பியது, கை திரும்பியது. இடது பாதம் மட்டும் தொங்கிப்போய்த் தரையில் இழுபட்டது. மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு அளவெடுத்து, கெண்டைக்காலின் பின்புறமிருந்து உள்ளங்கால்வரை தாங்கும் ஒரு பிளாஸ்டிக் பிரேஸ் செய்து கொடுத்தார்கள். கூடப் போனது அண்ணி. எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டதும் அண்ணி.

நான் அடுத்த தெருவில்தான் குடியிருந்தேன். தினமும் காலையில் ஓடுவேன். நான் பிரேஸின் பட்டையைத் தொட்டாலே அம்மா தடுத்துவிடுவார்.

“வுடுடி. உங்கண்ணி வந்து போடட்டும். அவ போட்டா கால் கம்முனு கீது.”

எனக்கு வயிறு எரியும். பெற்ற தாயின் காலைத் தொட நேற்று வந்தவளுக்கு முதல் உரிமையா என்று என் கணவரிடம் புலம்புவேன். அண்ணியிடமே மாட்டும் முறையைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தோற்றுப்போனதாகிவிடும் என்று கேட்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் சடையங்குப்பத்தில் அண்ணியின் தாய்வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. அவர் நான்கு நாள் அங்கே போய்விட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம். அம்மாவுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று வண்ணாரப்பேட்டையில் தடித்த கம்பளி சாக்ஸ் வாங்கி, குதிகாலில் இரண்டாக மடித்துவிட்டு, அதன்மேல் பிரேஸை இறுக்கிக் கட்டினேன். “நல்லா கீதாம்மா?” என்றால் “கீதுடி” என்பார். சர்க்கரையால் அந்தப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கழற்றும்போதெல்லாம் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது.

அண்ணி திரும்பி வந்து கழற்றியபோது குதிகாலில் புண். எலும்புவரை போனால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதே மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. அம்மாவால் வர முடியவில்லை. பந்தியில் ஆளாளுக்குக் காரணம் கேட்க, நான் உரக்கவே சொன்னேன்.

“அண்ணிதான் கூட்டினு போனாங்க. தப்பா அளவு குடுத்துட்டு வந்துட்டாங்க.”

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

மூன்று மாதம் அவர்தான் புண்ணைக் கழுவிக் கட்டினார். ஆறியது, பாதம் தப்பியது. பிரேஸைச் சரிபார்க்க அம்மாவோடு நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். அளவில் ஒரு குறையும் இல்லை, உள்ளே என்ன சாக்ஸ் போட்டீர்கள் என்று கேட்டார் அதைச் செய்தவர். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

“நான்தான் சார், தெரியாம தடி சாக்ஸ் போட்டுட்டேன்” என்றார் அண்ணி.

வெளியே வந்ததும் அவரைத் தனியே இழுத்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அத்தைய எதிர்ல வெச்சுகினு உம்பேரயா சொல்லுவேன்? அவுங்களுக்கு நீ ஒரே பொண்ணு.”

நல்லவளாக இருப்பதிலும் இவரே முந்திக்கொண்டாரே என்று அன்றைக்கும் பொறாமைதான் பட்டேன். ஆனால் அதன்பிறகு அவரிடமே முறையைக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரேஸ் மாட்டுவது என் பொறுப்பானது. அந்தப் பிரேஸோடு அம்மா பல வருடம் கடைக்கும் கோயிலுக்கும் தானே நடந்து போனார்.

மறுபடியும் வாதம் அடித்தபோது எழுந்திருக்கவில்லை. தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை, “அவள வரச் சொல்லு.” அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்.

வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், பிரேஸ் செய்து தந்தவருக்கும், அம்மாவை ஆட்டோவில் தூக்கி ஏற்றிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு இன்றும் வாய் எளிதில் வரவில்லை. காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கையிலும் இந்த மலர் இருக்கும். அவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணி கொடுத்த அளவு சரியாகத்தான் இருந்தது. அம்மாவின் காலைப் புண்ணாக்கியவள் நான்.