அன்னாசிப் பழத்தில் கிடைத்த பெயர்

அன்னாசியின் கொண்டையைச் சீவிவிட்டுத் தோலில் கத்தியை வைத்தபோது, என் கணவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொல்லிமலையிலிருந்து இறங்கிய பழம். அன்று காலைதான் சேந்தமங்கலம் சந்தையில் வாங்கி வந்திருந்தேன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சும் போய், அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வெறும் சத்தம்தான் வரும். கணக்கு வாத்தியாராக நாளெல்லாம் வகுப்பில் பேசியவர், தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவருடைய கணக்குப் பைத்தியம் எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. ஓமலூரில் என் அம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். அம்மா மக்காச்சோளம் வேகவைத்துக் கொடுத்தார். இவர் தின்னாமல் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் கதிரை எடுத்தாலும் வரிசை இரட்டைப்படையாத்தானுங்க இருக்கும்" என்றார். என் தம்பி நம்பவில்லை. குண்டானிலிருந்த கதிர்களையெல்லாம் கொட்டி எண்ண ஆரம்பித்தான். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு. சரியாக முற்றாமல் கோணிப்போன ஒரு கதிரில் மட்டும் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். "மாப்பிள்ளைக்குச் சோளம் வேணுமா, கணக்கு வேணுமான்னு கேட்டுச் சொல்லு சாமி" என்று அம்மா என் காதில் சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. செம்பருத்தியைப் பறித்தால் அஞ்சு இதழ் என்பார். ஏரி வற்றினால், வண்டல் வெடித்த கோடுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்துவேன்.

அதனால் அன்று அன்னாசியை நறுக்கப்போனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்ததும் என்ன கேட்கிறார் என்று புரிந்துபோயிற்று. கத்தியைக் கீழே வைத்தேன். அன்னாசியின் கண்கள் அடியிலிருந்து மேலாகச் சாய்ந்து சாய்ந்து வரிசையாக ஏறுகின்றன. அதில் ஒரு வரிசையை அவர் விரலால் தடவிக் காட்டினார். நான் நிலைக்கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டு ஒன்றை எடுத்து வந்து, தொடங்கிய இடம் மறக்காமலிருக்க அந்த வரிசையில் ஒட்டினேன். பழத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே சத்தமாக எண்ணினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." ஏழு சொன்னபோது முள் குத்தி, கையை உதறினேன்.

"எட்டு" என்றார்.

குரல் கரகரவென்றிருந்தது. ஆனால் சுத்தமான சொல். நான் பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் முழங்கையைத் தட்டி, எதிர்ப்பக்கம் சாயும் வரிசையைக் காட்டினார். அந்தப் பக்கம் பதிமூன்று. அதில் பாதி எண்களை அவர் என்னோடு சேர்ந்து சொன்னார். அன்று பழத்தை நறுக்கவே மனம் வரவில்லை.

சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "சில பேருக்கு அப்படித்தாங்க்கா. மத்த பேச்செல்லாம் போனாலும், வரிசையாச் சொல்லிப் பழகினது தங்கிடும். அதையே பிடிச்சுக்குங்க" என்றார். பிடித்துக்கொண்டோம். பூ, காய், கம்பி, ஜன்னல் எல்லாவற்றையும் எண்ணினோம். எண்கள் வந்தன. ஆட்களின் பெயர்கள் வரவில்லை. கல்யாண நாள் முதலாக என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட்டவர், அந்தப் பெயரைத் தேடித் தேடி, கிடைக்காமல் ஒருநாள் கோபத்தில் "எட்டு!" என்று கத்தினார். நான் "வாரேனுங்க" என்று ஓடினேன். அதோடு அதுவே என் பெயராகிவிட்டது.

"ஏனுங்க்கா, சார் எதுக்குங்க எட்டு எட்டுங்கறாரு?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"என்னையத்தான் சாமி கூப்பிடறாரு" என்றேன்.

மெல்ல மற்ற சொற்களும் வந்தன. சாப்பாடு, வெயில், எங்கள் மகள் பெயர். ஒருநாள் காலை நான் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். எங்கிருந்தோ யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. தெருவில் போகிற எவளையோ என்று நினைத்து நான் பிழிந்துகொண்டே இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெண்தான் எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்களையத்தானுங்க. சார் உங்க பேரைச் சொல்றாருங்க!"

ஈரக் கையோடு உள்ளே ஓடினேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் உள்ளே வந்ததும் இன்னொரு தடவை சொன்னார். என் பெயர், முழுசாக, ஓர் எழுத்தும் சிதையாமல். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். எத்தனை தடவை கேட்டேன், எத்தனை தடவை சொன்னார் என்று நாங்கள் எண்ணவில்லை.

அதற்குப் பிறகு யாராவது வீட்டுக்கு வந்தால் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நாங்கள் இருவர் மட்டும் இருக்கையில், கடைசி வரைக்கும், எட்டுதான்.