மும்தாஜ் டீச்சர் போட்ட பூட்டு

திருமுடிவாக்கம் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் பவித்ராவின் போன் வந்தது. "மாமா, மும்தாஜ் டீச்சர் காலைல இறந்துட்டாங்க." நான் கை வைக்காமலே லேத் நின்றது. கரண்ட் போனது என்பார்கள்; நம்பாதீர்கள்.

டீச்சரிடம் விளையாட்டுப் பயிற்சி பெற்ற பிள்ளைகளே, உங்களுக்கு அவர் விசில் தெரியும். தாம்பரம் மைதானத்தில் அவர் ஊதினால் ஸ்டேஷனில் புறப்பட்ட ரயில் நின்றுவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

பவித்ராவை உயரம் தாண்ட வைத்தவர் அவர். தாண்டுமுன்பே ஊருக்குத் தெரிவித்தவன் நான். போட்டிக்கு முந்தின நாளே 'தங்க மங்கை' என்று கேம்ப் ரோட்டில் பிளெக்ஸ் கட்டினேன். அவள் படம் சிறியது, என் படம் பெரியது, செலவழித்தவன் நானாயிற்றே. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் மைதானத்தில், "அந்த பேனரைக் கழுத்துல கட்டின மாதிரி இருக்கு டீச்சர், கால் எழும்பல" என்று அழுதாளாம்.

டீச்சர் நேரே என்னிடம் வந்தார். "அண்ணா, மெத்தை ஒண்ணு தூக்கணும், ஒரு கை குடுங்க." சாமான் அறைக்குள் நுழைந்தேன். வெளியே பூட்டு விழுந்தது.

"இன்னா டீச்சர் இது, பேஜாரா கீது!"

"அவ குதிச்சு முடிக்கிற வரைக்கும் உள்ளயே இருங்கண்ணா. உங்க சத்தம் அவ காதுல விழக்கூடாது."

தோளால் ஒரு இடி இடித்திருந்தால் கதவு பெயர்ந்திருக்கும். டீச்சர் மரியாதைக்காக விட்டேன். உள்ளே துருப்பிடித்த ஈட்டிகள், பூனை அளவு எலி, நான். ஜன்னல் இல்லை. வெளியே அவள் தாண்டும் கம்பி விழும் சத்தம். மறுபடியும். மூன்றாவதும் விழுந்தது. அதற்குமேல் வாய்ப்புக் கிடையாது. கத்தவும் முடியவில்லை, கத்தாமல் இருக்கவும் முடியவில்லை.

கதவருகே டீச்சர் குரல்: "கம்பியை விடு. நீ எப்படிக் குதிச்சே, அதைச் சொல்லு."

"ரெண்டாவது நல்லா வந்துச்சு டீச்சர், குதிகால்தான் பட்டுச்சு. மூணாவதுல பயந்துட்டேன்."

"பாத்தியா, தோத்துட்டேன்னு சொல்லல. கம்பி விழுந்தது ஊருக்கே தெரியும். ஏன் விழுந்துச்சுன்னு உனக்குத்தான் தெரியும். அதை வேற யாரும் சொல்ல விடாதே."

கதவு திறந்தபோது பவித்ரா சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு நாள்தான்.

அடக்கம் முடிந்ததும் டீச்சர் வீட்டிலிருந்த அந்தப் பூட்டை அவர் மகனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பவித்ராவுக்குப் போட்டி. பிளெக்ஸ் அடிக்கவில்லை. "இந்தத் தடவை வெளியவே நில்லு மாமா, வாயை மட்டும் தொறக்காதே" என்கிறாள். அது என்னால் ஆகிற காரியமா? பூட்டை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அந்த அறைக்குள் நானே போய் உட்காருவேன். எப்படிக் குதித்தாள் என்று அவளே வந்து, கதவைத் திறந்து சொல்லட்டும்.