சுவரைப் பார்த்த குதிரை

கல்முனையில் நான் வைத்திருந்த சிறிய பிரேம் கடைக்கு ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் ஆயத்தும் கஃபா படமும்தான் பிரேம் போட அதிகம் வரும். கலியாணப் பரிசுக்கென்று ஒரு தட்டில் கண்ணாடிக் கோப்பைகளையும் ஒரு பீங்கான் குதிரையையும் அடுக்கிய பிறகே, கண்ணை இடுக்கிப் பார்க்கும் ஒரு தொப்பிக்காரர் வரத் தொடங்கினார்.

தினமும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவார். எதுவும் வாங்கமாட்டார். குதிரையின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். ஆயத்துக்குப் பக்கத்தில் மார்க்கத்துக்கு ஆகாத உருவப் பொம்மை வைத்திருக்கிறேன் என்று பள்ளிவாசலில் சொல்லப்போகிறார் எனப் பயந்து, குதிரையை மேசை லாச்சிக்குள் ஒளித்தேன்.

மறுநாள் வந்தவரின் முகம் வாடிவிட்டது.

"குதிரை வித்துப் போயிட்டா, தம்பி?"

"இல்ல காக்கா. உங்களுக்குப் பயந்துதான் எடுத்து வெச்சன்."

"எனக்கா? வேற ஆரும் கண்டு வாங்கிப் போடுவாங்க எண்டுதானே நான் திருப்பி வெச்சிட்டுப் போற!"

எடுத்துக் கொடுத்தேன். அன்றும் அவர் காசு கொடுத்து வாங்கவில்லை. தட்டிலேயே வைத்து, சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதை இன்றுவரை நான் முழுதாக நம்பவில்லை.