தெருவுக்காக வாங்கிய கேஸ்

எனக்கு வாய்தான் நீளம். கையை நான் யார் மேலும் ஓங்கியதில்லை, பெற்ற மகள் மேல்கூட. ஓங்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. தறியில் இருந்தபடி நான் நிமிர்ந்து பார்த்தாலே போதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடும் பிள்ளை அவள். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போது, வளர்ப்பு என்றால் இதுதான் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

அந்தப் பிள்ளை படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டிக்கொண்டு கனடா போய்ச் சேர்ந்தாள். போன வருடம் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்துபோயிருந்ததால் டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிரசவத்துக்கு நானும் என் மனைவியும் போவது என்று முடிவானது. மருமகனிடமிருந்து அழைப்புக் கடிதம் முதலில் மனைவிக்கு மட்டும் வந்தது. என்னுடையது வர மேலும் சில வாரங்கள் ஆயின. உன் வீட்டுக்காரர் சரியான மறதிக்காரர் என்று போனில் மகளைக் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் விசாவுக்கு எழுதிக் கொடுக்கிற ஒரு மாடி ஆபீசுக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் எங்கள் மகள் வயதுதான் இருப்பாள். பெயர், பிறந்த தேதி, தொழில் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தவள், ஒரு கேள்வியில் எங்களைப் பார்க்காமலே, "போலீஸ் கேஸ், தண்டனை எதனா இருக்குதா சார்? நோ போட்டுடட்டா?" என்றாள்.

"இருக்குதும்மா," என்றேன்.

விரல் நின்றது. "சின்ன கேஸா சார்?"

"ஒருத்தரை அடிச்ச கேஸ். ஆறு மாசம் வேலூர் ஜெயில்ல இருந்தேன்."

அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். வேண்டுமென்றே செய்ததல்ல, தானாக நடந்தது. என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண் நிதானமாகவே சொன்னாள். "இல்லன்னு போட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்க. மாட்டிக்கினா அப்புறம் எப்பவுமே போக முடியாது சார். எஸ்னே போடலாம். கோர்ட்ல தீர்ப்பு காப்பி வாங்குங்க. இன்னா நடந்துச்சுன்னு உங்க வார்த்தைல ஒரு லெட்டர் எழுதுங்க. செஞ்சதுக்கு வருத்தப்படறேன்னு அதுல கட்டாயம் இருக்கணும்."

"செய்யாததுக்கு?" என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து லேசாகச் சிரித்தாள்.

நடந்தது இதுதான். எங்கள் தெருக் கோயில் சாமி புறப்பாட்டில், பல்லக்கு முதலில் எங்கள் தெருவில் நிற்பதா பக்கத்துத் தெருவில் நிற்பதா என்று அந்தக் காலத்தில் வருடா வருடம் வாய்த்தகராறு நடக்கும். ஒரு வருடம் அது கைகலப்பானது. பல்லக்கு நிற்கும்போது அதன் தண்டைத் தாங்கிக்கொள்ள ஆயக்கால் என்று கனத்த கவைக்கம்பு வைத்திருப்பார்கள். அதைப் பிடுங்கி எங்கள் தெருக்காரர் ஒருவர் பக்கத்துத் தெரு மனிதர் ஒருவரின் முகத்தில் அடித்தார். அடிபட்டவர் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். ஒரு கண் போய்விட்டது.

அடித்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன். அப்போது அவருக்கு அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது, கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. ஒரு ஆளைக் கொடுங்கள் என்று போலீசில் கேட்டார்கள். தெருப் பெரியவர்கள் பஜனை மடத்தில் கூடினார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பத்தாவதுகூடத் தாண்டவில்லை. கேஸால் கெட்டுப்போக என்னிடம் எதுவும் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். "உனக்கு இன்னா கவர்ன்மென்ட் வேலையா வரப்போவுது? தெரு உன்னைக் கைவிடாதுப்பா," என்றார்கள். என் அப்பாவும் தலையை ஆட்டினார். வெளியே சொல்ல மாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். அடி விழுந்த நேரத்தில் நான் புறப்பாட்டுக்கே போகவில்லை. வீட்டில் தறிக்குப் புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற அந்த வேலையில் பாதியில் எழுந்திருக்க முடியாது.

கோர்ட்டில் நான்தான் அடித்தேன் என்று ஒப்புக்கொண்டேன். வேலூரிலிருந்து திரும்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் மாலையோடு நின்றிருந்தார்கள். அந்த வருடத்திலிருந்து பல்லக்கு என் வீட்டு வாசலில் நிற்கும், சாமிக்குச் சாத்திய துணியை என் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். அண்ணன்தான் முன்னால் நின்று கட்டச் சொல்வார். என் மகள் சின்னவளாக இருந்தபோது, கூட்டத்தில் சாமி தெரியட்டும் என்று அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிறவரும் அவர்தான். பிள்ளை வாய், பள்ளிக்கூடத்தில் எங்கேயாவது உளறிவிடும் என்று அவளிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். வேலையில் சேர்ந்த அண்ணன் சில வருடங்களில் அதை விட்டுவிட்டுப் பட்டு வியாபாரத்துக்கு வந்தார். இன்று என் தறி உட்படத் தெருவில் பாதித் தறிகளுக்குப் பாவும் பட்டும் கொடுக்கிறவர் அவர். கோயில் கமிட்டித் தலைவரும் அவரே.

கண் போன மனிதர் என்னைக் கடைத்தெருவில் கண்டால் ஒதுங்கிப் போக மாட்டார். நின்றுவிடுவார். நான் கடந்து போகும்வரை அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். அடித்தது நான் இல்லை என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்றுதான் அதை முதன்முதலாகப் படித்தேன். நான் எங்கே நின்றேன், எந்தக் கையில் கம்பு இருந்தது, என்ன கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன் என்று எல்லாம் இருந்தது. அந்த வார்த்தையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை. ஆனால் படிக்கப் படிக்க என் குரலிலேயே அது காதில் விழுந்தது. மடித்துத் தறியின் மேல் வைத்தேன். வீட்டுக்குள் வேறு யாரோ ஓர் ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நகலுக்குப் போட்டது தெருவுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இன்னாப்பா, கனடா போறியாமே. சந்தோசம். கோர்ட்ல எதோ காப்பி வாங்கினியாமே?"

"ஆமாண்ணா. விசாவுக்குக் கேக்கறாங்க."

"இன்னா எழுதப்போற?"

"நடந்தத எழுதணும்றாங்க."

"நடந்ததுதான் தீர்ப்புல இருக்குதே. அதப் பாத்து எழுதிடு. கோர்ட்டு சொன்னதுக்கு மேல நாம இன்னா சொல்லிடப் போறோம்?" என்றார். தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். "இது இன்னும் எவ்ளோ இருக்குது?"

"ரெண்டு பொடவை வரும்ணா."

"முடிச்சிட்டுச் சொல்லி அனுப்பு. பாத்துக்கலாம்."

மனைவி வைத்த காபியை அவர் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அவளைப் பார்த்துத்தான் சொன்னார். "கொழந்த அங்க படுத்த படுக்கையா இருக்குது. இந்த நேரத்துல யார் மனசும் நோகற மாதிரி எதுவும் செய்யக் கூடாதும்மா. இது சாமி விஷயம்."

அவர் போன பிறகு மனைவி கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பகலிலும் அந்தியிலும் எங்கள் வீட்டில் கதவைத் தாழ்ப்பாள் போடும் வழக்கமே கிடையாது. "அவரு எதுக்குங்க நம்ம பொண்ணை இழுக்கறாரு?" என்றாள். எனக்கும் பயமாக இருந்தது. பயத்தை விட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

கடிதத்தை முதலில் அவர் சொன்னபடிதான் எழுதினேன். கோபத்தில் அடித்துவிட்டேன், வருந்துகிறேன் என்று. அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் என்னைப் பதற வைத்தது. கம்பின் கனம்கூடக் கையில் தெரிந்தது. இத்தனை வருடமாகத் தெரு சொல்லிச் சொல்லிக் கேட்டதுதானே. கேட்ட இளவட்டங்களிடம் நானே கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கிறேன், பொய் சொல்வானேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினேன். அண்ணன் பெயரைப் போடவில்லை. நான் அடிக்கவில்லை, தெருவுக்காக ஒப்புக்கொண்டேன், கோர்ட்டில் பொய் சொன்னதற்கு வருந்துகிறேன் என்று மட்டும் எழுதினேன்.

அனுப்புவதற்கு முன் மகளுக்கு வீடியோவில் படித்துக் காட்டினேன். எங்களுக்குக் காலை, அவளுக்கு ராத்திரி தொடங்கியிருந்தது. ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"நீங்க அடிக்கலையா?" என்றாள்.

"இல்லம்மா."

"ஒரு அடிகூட?"

"நான் வீட்ல பாவு பிணைச்சிக்கினு இருந்தேம்மா."

வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் பேசியதை நான் மறக்கப் போவதில்லை. "வருஷா வருஷம் உங்களுக்குப் பரிவட்டம் கட்டும்போது சுத்தி இருக்கறவங்க சொல்வாங்கப்பா, ஒரே அடி, கண்ணு போச்சுன்னு. நான் என் கண்ணு ரெண்டையும் இறுக்கி மூடிக்குவேன். நீங்க தறில இருந்து நிமிந்து பாத்தாலே பயந்துக்கினுதான் புக்க எடுத்து உக்காருவேன். இவர்கிட்ட நான்தான் சொன்னேன், அம்மா மட்டும் வரட்டும்னு. கொழந்த அழுதா அப்பாவுக்குக் கோவம் வந்துடும்னு. அப்புறம் அம்மா அழுதாங்கன்னுதான் உங்களுக்கு லெட்டர் போட்டோம்."

என் வளர்ப்பு என்று நான் மார்தட்டிக்கொண்டது இவ்வளவுதான்.

"அப்ப யாருப்பா அடிச்சது?"

சொன்னேன்.

"அவரு தோள்லதானேப்பா உக்காந்துக்கினு இருந்தேன்," என்றாள். "உங்க பக்கத்துல நிக்க பயந்துக்கினு."

அன்றைக்கே கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய், உண்மையை எழுதிவிட்டேன், உங்கள் பெயரைப் போடவில்லை என்று நானே சொன்னேன். "சரிப்பா," என்றார். அவ்வளவுதான். தறியில் இருந்த பாவு தீர்ந்தது. புதுப் பாவு வரவில்லை. சொல்லி அனுப்பினேன், பதிலும் வரவில்லை. தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் போனால் பேச்சை நிறுத்த ஆரம்பித்தார்கள்.

மனைவிக்கு விசா கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அந்த மாடி ஆபீஸ் பெண் வந்த பதிலைப் படித்துச் சொன்னாள். "கோர்ட்டு சொல்றதும் நீங்க சொல்றதும் ஒத்துப்போகலையாம் சார். எதை நம்பறதுன்னு தெரியலன்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "மறுபடி போடலாம். அடிச்சது உண்மைதான், பயத்துல மறுத்துட்டேன், வருத்தப்படறேன்னு எழுதுங்க. இவ்ளோ வருஷம் ஆயிடுச்சு, சான்ஸ் இருக்குது," என்றாள். இந்த முறை நாற்காலியைப் பின்னால் தள்ளவில்லை.

மனைவி மட்டும் புறப்பட்டுப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்ட பிறகுதான் அண்ணன் வாசலில் நின்று சொன்ன அந்த வார்த்தை என் நெஞ்சை விட்டு இறங்கியது.

குழந்தையைப் போனில் காட்டிக்கொண்டிருந்த மகளிடம், மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன், அடித்ததாகவே எழுதிவிடுகிறேன் என்றேன். தெருவுக்காகத் தலையில் போட்டுக்கொண்டதைப் பேத்திக்காகப் போட்டுக்கொண்டால் என்ன?

"எழுதாதீங்கப்பா," என்றாள்.

"எழுதினா வந்துடலாம்மா. கொழந்தைய ஒரு தடவ தூக்கிடுவேன்."

"வேணாம்பா. நான் பயந்தது போதும். இவளும் உங்களப் பாத்துப் பயப்படணுமா?"

நான் எழுதவில்லை.

இப்போது புறப்பாடு வருகிறது. எதிர்ச் சுவரில் ஆயக்கால்களைக் கழுவி வரிசையாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் பல்லக்கு என் வீட்டு வாசலில் நிற்காது என்று அண்ணன் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். வெளியே வராமல் இருப்பதே எனக்கு நல்லது என்றும் வந்த ஆள் சேர்த்துச் சொன்னான். அன்றைக்கு நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியில்தான் உட்கார்ந்திருப்பேன். சாமி வரும்போது போனைப் பிடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள் என் மகள்.