வெள்ளிக்கிழமை அறுத்த கோழி

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு எங்கள் ஊரில் ஓர் ஆம்பிளையைத் தேடினால் கிடைக்க மாட்டார். எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருப்பார்கள். கடைகள் சாத்தியிருக்கும். ஒலிபெருக்கியில் வரும் குத்பாப் பிரசங்கம் மட்டும் எல்லா வீட்டு முற்றத்திலும் கேட்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கீரி என் கோழியைப் பிடித்தது.

எங்கள் வீடு கலேவெலயிலிருந்து உள்ளே வரும் சின்ன ரோட்டில், குளக்கட்டுக்குக் கிட்ட இருக்கிறது. என் வீட்டுக்காரர் தோட்டங்களில் மரக்கறி வாங்கித் தம்புள்ளைக்கு அனுப்புகிறவர். பிள்ளைகள் இரண்டும் பெண்கள், இரண்டும் வாழப் போய்விட்டார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். தொழுகை, ஓதல், பதினோரு கோழிகள், பாய். என் நாள் இவ்வளவில் முடிந்துவிடும்.

குளத்தில் பன் என்று ஒரு கோரை வளரும். அதை அறுத்து, காயவைத்து, பாதியைச் சாயத்தில் அவித்துப் பாய் பின்னுவேன். விடியற்காலையில் பன் பதமாக இருக்கும். வெயில் ஏறினால் முறியும். ஆகையால் சுபஹு தொழுதுவிட்டுப் பின்ன உட்கார்ந்து, பத்து மணிக்கு எழும்பிவிடுவேன். பகலில் விளிம்பு மடக்கிச் சொருகி, நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் கத்தியால் நறுக்குகிற வேலை மட்டும்தான். காயப் போட்ட பன்னைக் கோழிகள் கிளறாமல் பார்ப்பது தனி வேலை. அதுகளுக்கு நான் பேசுகிற ஏச்சை வெளியில் யாரும் கேட்டால் என்னைத் தொழுகிறவள் என்று நம்ப மாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை என் மதினி, அதாவது வீட்டுக்காரரின் கூடப் பிறந்த ராத்தா, தன் புருஷனோடு பகல் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் அலுவிகாரைப் பக்கம் இருக்கிறவர்கள். மதினியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்கள் கூடி உட்காருவதற்கு ஆறு பெரிய பாய் வேண்டும் என்று மதினியே என்னிடம் வாய்விட்டுக் கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் சாமான் அது. மழைக் காலம் முழுக்க உட்கார்ந்து ஐந்து பாய் முடித்துச் சுருட்டி வைத்திருந்தேன். ஆறாவதின் விளிம்பை நறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் கோழிகள் கத்தின.

ஓடிப் போய்ப் பார்த்தால் கீரி வேலிக்குள் பாய்ந்து மறைந்தது. முட்டையிடத் தொடங்கி இரண்டு மாதமும் ஆகாத பேடு. ஒரு பக்கத் தொடை கிழிந்து தொங்கியது. எழும்பப் பார்க்கும், விழும். கண் மட்டும் என்னையே பார்த்தது.

எங்களில் கோழி அறுப்பது ஆம்பிளைகள். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. என் உம்மா வீட்டிலும் அப்படித்தான். ஆம்பிளை இல்லாத வீட்டுப் பெண்கள் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அன்றைக்கு நிற்க எனக்கு வாசல் இருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சிங்கள அக்காவின் புருஷன் டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் அறுத்தால் எங்களுக்கு ஆகாது. அப்படியே விட்டால் கோழி துடித்துச் சாகும், செத்தது ஹராம்.

கையில் பாய்க் கத்தி இருந்தது. பீங்கான் கோப்பையின் அடியில் நாலு தரம் தீட்டினேன். கோழிக்கு ஒரு வாய் தண்ணீர் வைத்தேன். ஆம்பிளைகள் செய்வதுபோல இடது காலால் இரண்டு செட்டையையும், வலது காலால் கால்களையும் மிதித்து, மக்கா இருக்கும் கிப்லாத் திசைக்கு முகம் வைத்து, அல்லாஹ்வின் பேரால் பிஸ்மியும் தக்பீரும் சொல்லி அறுத்தேன். கை நடுங்கவில்லை. இதை இப்போதும் சொல்லத்தான் வேண்டும், நடுங்கவில்லை. அறுத்து முடிய அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். ஓர் உயிரை வேதனையிலிருந்து எடுத்தோம், வருகிற விருந்தாளிகளுக்கும் கறியாச்சு என்று சந்தோஷமாகவே இருந்தேன். மல்லி வறுத்து அரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, ரம்பை இலை போட்டு ஆக்கினேன்.

வீட்டுக்காரர் தொழுதுவிட்டு நேரே கலேவெல சந்திக்குப் போய் அவர்களை அழைத்துக்கொண்டு மூன்று மணிக்கு வந்தார். மதினி படியிலேயே மோந்து பார்த்தார்.

“கோழி ஆக்கீக்கா! மூணு வீட்டுக்கு மணக்குது” என்று புருஷனிடம் சொன்னார்.

பரிமாற உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் சட்டியைப் பார்த்தார்.

“கோழியா? யாரு அறுத்த?”

“நான்தான்” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். “கீரி புடிச்சிட்டு. குத்பா நேரத்துல யாரக் கூப்புட ஏலும்? பிஸ்மி செல்லி அறுத்துட்டேன்.”

மதினியின் கை சோற்றின் மேலே நின்றுவிட்டது.

“நீயா? பொம்பளையா அறுத்த?”

“ஓம் மதினி.”

“அப்ப வார வெள்ளிக்கு பாங்கும் நீயே செல்லு. எங்கட தம்பி ஊட்டுல ஈந்து சட்டி கழுவட்டும்.”

மச்சான், அதாவது மதினியின் புருஷன், விழுந்து விழுந்து சிரித்தார். “மெய்தான். எங்கட பள்ளிலயும் பாங்கு செல்ற மோதினாருக்கு ஏலாமப் போச்சு, ஆள் தேடுறாங்க. இவட பேரக் குடுக்கவா?”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். மதினி கோழித் துண்டை விரல் நுனியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு கோழிக் குழம்பு பட்ட சோற்றையும் தள்ளினார்.

“சந்தேகமா ஈந்தா கேப்போமே” என்று வீட்டுக்காரர் எங்கள் பள்ளி மௌலவிக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். மௌலவி என் மூத்த மகளின் வயதுக்காரர், வீட்டுக்காரரை அண்ணன் முறைக்கு நானா என்பார். நடந்ததைக் கேட்டுவிட்டு உடனே சொன்னார்.

“கூடும் நானா. பிஸ்மி செல்லி முறையா அறுத்தா ஆம்பிளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சட்டம்தான். தாராளமாச் சாப்புடுங்க. மனசுல ஒண்ணும் வெக்காதீங்க.”

போனை வைத்தார். நான் மதினியின் முகத்தைப் பார்த்தேன்.

“கூடுமெண்டா கூடும்தான்” என்றார் மதினி. “நான் ஹராமெண்டு செல்லல்லயே. மனசெண்டு ஒண்ணு ஈக்கே. கொமட்டுது.”

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர்தான் போன் எடுத்தவர், அவர்தான் பதில் கேட்டவர். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்திருந்தால் போதும். அவர் பருப்பை இழுத்து ஊற்றிக்கொண்டார். “எனக்கு காலைலீந்தே வயிறு சரியில்ல” என்றார். காலையில் எட்டு இடியப்பம் தின்றவர்.

பொய் சொல்லியிருந்தால் எல்லோரும் விரல் நக்கித் தின்றிருப்பார்கள். ரோட்டில் போன யாரோ ஒரு ஆம்பிளை அறுத்தான் என்று சொல்லியிருந்தால் போதும், அவன் தொழுகிறவனா என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

போகும்போது ஆறு பாயையும் எடுத்து வாசலில் வைத்தேன். மதினி ஒன்றை விரித்துப் பார்த்தார். சிவப்பும் பச்சையும் நன்றாக ஏறியிருந்தது. பிறகு கேட்டார்.

“இதெல்லாம் வெட்டுறதும் அந்தக் கத்தியாலதானா?”

“கழுவின கத்தி மதினி.”

“இல்ல, சும்மா கேட்டேன்” என்று திரும்பச் சுருட்டினார். “இப்ப த்ரீவீல்ல எடமில்ல. பொறவு ஆள் அனுப்புறேன்.”

ஆள் வரவில்லை. கல்யாணத்துக்குப் போனபோது பெண்கள் பக்கம் கடைப் பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தது. வழுக்கும். நான் அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கழுத்தில் விரல் இழுத்துக் காட்டிச் சிரித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆக்கிய கோழிக் கறியைச் சாப்பிட்டது நானும் சிங்கள அக்காவும்தான். ஒரு கோப்பை கொடுத்தேன். மறுநாள் கோப்பை நிறைய வாழைப்பழத்தோடு வந்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

இது நடந்து நாலைந்து மாதம் கழிய, ஒரு புதன்கிழமை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, ரோட்டு நாய் ஒன்று இன்னொரு கோழியைக் கடித்துப் போட்டது. வயிறு கிழிந்திருந்தது. உயிர் இருந்தது. வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போயிருந்தார். அக்கம்பக்கத்தில் தேடியிருந்தால் ஒரு ஆம்பிளை கிடைத்திருப்பார். நான் தேடவில்லை. கத்தி கையெட்டும் தூரத்தில் பாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. அதையும் எடுக்கவில்லை.

கோழி வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் பார்த்துக்கொண்டு பாயை மடக்கிச் சொருகினேன். அறுக்க முடியாமல் அல்ல. பயத்தினால் அல்ல. இனி என் கையால் ஒன்றும் இல்லை, வந்து பார்க்கட்டும் என்ற வன்மம். அப்படி ஒரு வன்மம் எனக்குள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னேரம் அஸர் பாங்கு சொல்ல முந்தி அது அடங்கியது. ஒரு மணித்தியாலத்துக்கு மேலே எடுத்தது.

வீட்டுக்காரர் வந்து, செத்த கோழியைக் காலில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

“அட, நீ ஊட்டுலதானே ஈந்த? ஒரு பிஸ்மி செல்லி அறுத்தீக்கலாமே. அநியாயமாப் போச்சே.”

மெய்யாகவே மறந்துவிட்டார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, அந்தச் சாப்பாட்டு நாள் அவர் நினைவில் இல்லை.

“அறுத்தா யாரு தின்ற?” என்று கேட்டேன்.

அவர் கோழியை வைத்துவிட்டு, “பாங்கு செல்லப் போகுது” என்று கை கால் கழுவி வுளூ எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். மதினி எடுத்துப் போகாத பாயில் ஒன்றை விரித்து, அதில் நின்று தொழுதார். நான் மண்வெட்டியால் முருங்கை மரத்தடியில் குழி வெட்டினேன்.

மறுமையில் வாயில்லா ஜீவன்களும் பேசும் என்று நம்புகிறவள் நான். அந்தக் கோழி மதினியைக் கேட்காது, வீட்டுக்காரரைக் கேட்காது. கத்தி பக்கத்தில் இருந்ததே என்று என்னைத்தான் கேட்கும். ஐந்து வேளையும் பிழை பொறுக்கக் கேட்டுத் தவ்பா செய்கிறேன். துஆவுக்குக் கை ஏந்தும்போது அவர்கள் இரண்டு பேரையும் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லப் பார்க்கிறேன். அந்தச் சொல் மட்டும் இன்னும் வாயில் வரவில்லை.