மாமா செத்துப்போகும் படம்

என் தாய்மாமன் செத்துப்போவதைப் பார்த்துக் கோயமுத்தூரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் சொல்வது சினிமாவில். அந்தப் படம் இன்றைக்கு எங்கேயும் இல்லை. தெரிந்தவர்கள் மூலம் விசாரித்துப் பார்த்தேன். பழைய பிலிமையெல்லாம் அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். தீப்பிடித்து எரிந்திருக்கும் என்றார் இன்னொருவர். ஏதோ அடுப்பில் வைத்த பாலைப் பற்றிச் சொல்வதுபோல இரண்டு பேரும் சாவகாசமாகச் சொன்னார்கள். எனக்குப் படம் முழுக்க வேண்டாம். மாமா சோறு கேட்கிற அந்த ஓர் இடம் போதும். இந்த வயசில் அதற்காக ஏங்குகிறேன் என்று வெளியில் சொன்னால் பேரன் பேத்திகள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மாமா அம்மாவுக்கு மூத்தவர். வெள்ளகோவிலுக்குத் தெற்கே அவருக்கு மழையை நம்பி விதைக்கிற காடு இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரனோடு வரப்புத் தகராறு. கோர்ட்டில் நாலு நாள் வேலை என்று சொல்லிக்கொண்டு கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா போட்டார்கள். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது, மாமா மட்டும் போகவில்லை.

அப்பா ஒரு பஞ்சு அரவை பேக்டரியில் இஞ்சின் மேஸ்திரி. நாள் முழுக்க இரைச்சலில் நின்றுவிட்டு வந்து சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே சுகம். மாமா வந்த மறுநாளே அந்த நாற்காலி மாமாவுடையதாகிவிட்டது. பேப்பரும் அப்படித்தான். மாமாவுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் பேப்பர் முதலில் அவருக்குத்தான் போக வேண்டும். படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்த நான் அதை அவருக்கு வாசிக்க வேண்டும்.

"கொலை கிலை ஏதாச்சும் இருந்தா மொதல்ல அதைப் படி கண்ணு. சர்க்கார் சமாச்சாரமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்பார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரிசிம்பருப்புச் சோறு என்றால் பானை காலியாகும் சத்தம் கேட்கும் வரைக்கும் எழ மாட்டார். "இன்னொரு கை போடு, அம்மணி" என்று இலையைப் பார்த்தபடியே சொல்வார். எங்கள் பக்கத்தில் காய் விற்கிறவர்கூடப் பெண்களை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் மாமா கூப்பிடும்போது அம்மாவின் முகம் பாவாடை கட்டிய பிள்ளையின் முகமாகிவிடும். "எங்கண்ணன் வயிறா அது, நெல்லுக் குதிரா" என்று சமையலறையில் என்னிடம் முணுமுணுத்துக்கொண்டே, தனக்கென்று எடுத்து வைத்ததையும் கொண்டுபோய்ப் போடுவாள்.

கோர்ட்டு இல்லாத நாட்களில் மாமா ஊர் சுற்றுவார். பேசும் படம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்கு வெளியே ஸ்டுடியோ ஒன்றில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று போனவர் ஒருநாள் இருட்டிய பிறகு திரும்பி வந்தார். "எனக்குச் சோறு வேண்டாம் அம்மணி, அங்கியே திருப்தியா சாப்பிட்டுப்போட்டேன்" என்றார். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். அப்போதெல்லாம் புராணப் படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிரிப்புப் படமும் ஓட்டுவார்கள். அப்படி ஒன்றை அன்றைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதை, விருந்துக்கு வந்து நகராத சொந்தக்காரர்களைப் பற்றியது. பெண்டாட்டியின் அண்ணன் நாலு நாள் என்று வந்து மாதக்கணக்கில் தங்கிவிடுகிறான். புருஷன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாயசத்தில் விஷத்தைக் கலந்து கொடுத்துத் தீர்த்துக்கட்டுகிறான். தொல்லை விட்டது என்று மூச்சு விடுவதற்குள், துக்கம் விசாரிக்க வண்டி வண்டியாகச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்களும் நகர்வதாக இல்லை. அவன் மறுபடியும் பாயசம் காய்ச்சுகிறான். ஒருத்தரைக் கொன்றால் பத்துப் பேர் வருகிறார்கள், இவ்வளவுதான் கதை.

அந்த முதல் பிணமாக நடிக்க வந்த நாடகக்காரர் உண்மையிலேயே சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சத்தம் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று திரும்பத் திரும்பப் படம் பிடித்ததில் அவருக்குக் கண் பிதுங்கிவிட்டது. இலையைப் பார்த்தாலே குமட்டினார். எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குச் சோறு வீணாவது பொறுக்கவில்லை. "ஏனுங்க, நான் வேணா உக்காரட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். உட்கார வைத்தார்கள். எத்தனை தடவை இலை போட்டாலும் அப்போதுதான் முதல் வாய் எடுப்பவர் மாதிரி சாப்பிட்டார். 'சகோதரி, இன்னும் சிறிது அன்னம் இடுவாய்' என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அவர் வாயில் நுழையவில்லை. தங்கையாக நடித்த பெண் சோறு போடும் சட்டுவத்தோடு வந்து நின்றதும், "இன்னொரு கை போடு, அம்மணி" என்றுவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார்.

சாவது மட்டும் அவருக்குச் சரியாக வரவில்லை. கட்டிலில் படுக்கிறவர் மாதிரி பதனமாக, எங்கேயும் இடித்துக்கொள்ளாமல் சாய்ந்தாராம். பிணமாகக் கிடந்தபோது உதட்டோரத்தில் சிரிப்பு வேறு. டைரக்டர் கத்திப் பார்த்திருக்கிறார். பொழுது சாய்ந்து வெளிச்சம் போய்விடும் என்பதால் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் மாமா எங்கள் கூடத்தில் விழுந்து விழுந்து நடித்துக் காட்டினார். நானும் அம்மாவும் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனோம். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சினிமாவில் நடிப்பது அப்போது குடும்பத்துக்குக் கேவலம். பேக்டரியில் யாரோ அப்பாவிடம், "உங்க மச்சான் கூத்தாடப் போயிட்டாராமா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பா சத்தம் போடவில்லை. எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க மச்சான், ஊருல காடு போட்டது போட்டபடி கெடக்குமுங்களே. மாடு கன்னெல்லாம் உங்களைத் தேடுமுங்களே" என்றார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஆமாங்க மாப்பிள்ளை, தேடுந்தான்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் துணிமூட்டையோடு கிளம்பிவிட்டார். அம்மா அதற்குள் எழுந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தாள். இலையும் போட்டாயிற்று. "பசியில்லை அம்மணி" என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. அவர் தெருக்கோடி திரும்பும் வரைக்கும் அம்மா கையில் சட்டுவத்தோடு வாசலில் நின்றாள். அப்பாவை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவே இல்லை.

வெயில் காலத்தில் அந்தப் பக்கம் வாந்திபேதி பரவியது. மாமா போய்விட்டார். அந்த நோயில் போனவர்களை வைத்திருக்க மாட்டார்கள், அன்றைக்கே அடக்கம். சேதி எங்களுக்கு வந்து சேர்ந்து, பஸ் பிடித்து, வண்டி பிடித்து அம்மா போனபோது மண்மேடுதான் இருந்தது. திரும்பி வந்து ரொம்ப நாளைக்கு அவள் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "முகம் பாக்கலையே கண்ணு. வெறும் வயித்தோட போனவரு, முகம் பாக்கலையே." மாமாவுக்குப் போட்டோ ஒன்றுகூட இல்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று ஊரில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது.

முதல் நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போனாள். பெண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. மாமா வந்தார். வெள்ளைச் சுவரில் அவ்வளவு பெரிய மாமா. துண்டை உதறித் தோளில் போட்டார், சப்பணம் போட்டு உட்கார்ந்தார், இலையில் தண்ணீர் தெளித்தார். "இன்னொரு கை போடு, அம்மணி" என்றார். கொட்டகை அதிர்ந்தது. அம்மாவின் வலது கை மடியிலிருந்து கொஞ்சம் மேலே எழும்பி அப்படியே நின்றது. சோறு அள்ளப் போகும் கை அது.

பாயச டம்ளர் வந்ததும் எழுந்துவிட்டாள். "வா, போலாம்" என்றாள். அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி போனோம். ஒவ்வொரு தடவையும் பாயசம் வரும் வரைக்கும்தான். மாமா திருப்தியாகச் சாப்பிட்டு முடிப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம். பின்னால் ஓடும் பெரிய புராணப் படத்தில் என்ன சாமி, என்ன பாட்டு என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தில் அம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அப்பாவின் காதுக்கும் அது போயிற்று. அவர் சாய்வு நாற்காலியை மாமா போட்டிருந்த இடத்திலேயே விட்டு வைத்திருந்தார். ஆனால் அதில் உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேளம் அடித்துக்கொண்டு நோட்டீஸ் வண்டி வந்தது. நான் ஓடிப்போய் ஒரு நோட்டீஸ் வாங்கிவந்து வாசித்தேன். 'இன்றே கடைசி' என்று போட்டிருந்தது. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டாவது தடவை மாமா ஊரைவிட்டுப் போகிறார், இந்தத் தடவை திரும்பி வரவே மாட்டார். அது எனக்கே புரிந்தது.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "கெளம்புங்க. நானும் வாரேன்" என்றார்.

அப்பா ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். மாமா வந்தார், சாப்பிட்டார், கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பாயச டம்ளர் வந்தது. அம்மா வழக்கம்போல எழுந்தாள். நானும் எழுந்தேன். அவள் நடக்கவில்லை. திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் இருந்த பெண்கள், "உக்காருங்க அம்மணி, மறைக்குது" என்றார்கள். உட்கார்ந்துவிட்டாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாமா பாயசத்தைக் குடித்தார். வயிற்றைத் தடவினார். கட்டிலில் சாய்கிறவர் மாதிரி பதனமாகச் சாய்ந்தார். பிறகு அவர் முகம் மட்டும் திரை முழுக்க வந்தது. உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு. ஜனங்கள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அம்மா கண் கொட்டாமல் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அண்ணா" என்றாள். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அப்புறம், "வயிறு ரொம்பித்தான் போயிருக்காரு" என்றாள்.

துக்கம் விசாரிக்க வண்டிகள் வந்து இறங்கும்போது நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அப்பா எங்களுக்கு முன்பே வந்து வெயிலில் நின்றிருந்தார். மூன்று பேரும் வீடு வந்தோம். நான் கதவைத் திறக்கப் போனேன்.

"உள்ள போவாதே கண்ணு" என்றாள் அம்மா. "முகம் பாத்துட்டு வந்திருக்கறோம். தலைக்கு ஊத்திக்காம எப்படி உள்ள போவறது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். சினிமாக் கொட்டகைக்குப் போய்விட்டு வந்து சாவுத் தீட்டுக் கழிக்கிறாளே என்று ஏதாவது சொல்வார், இஞ்சின் மேஸ்திரிக்கு இதெல்லாம் பொறுக்காது என்று நினைத்தேன். அவர் சந்து வழியாகப் பின்பக்கம் போனார். கிணற்றில் ராட்டினம் சத்தம் கேட்டது. அம்மாவைக் கல்லில் உட்கார வைத்து, சேலையோடு தலையில் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். அம்மா தலையைப் பிழிந்துகொண்டு எழுந்ததும், சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு அந்தக் கல்லில் தான் உட்கார்ந்துகொண்டார். சொம்பை அம்மாவிடம் நீட்டினார்.

"உங்களுக்கெதுக்குங்க?" என்றாள் அம்மா.

"நானுந்தான முகம் பாத்தேன்" என்றார்.

அம்மா ஒரு சொம்பு ஊற்றினாள். அப்பா தலையைக் குனிந்தபடியே இருந்தார். தண்ணீர் முதுகில் வழிந்து அடங்கியது.

"இன்னொரு சொம்பு ஊத்து, அம்மணி" என்றார்.

அப்பா அம்மாவை அப்படிக் கூப்பிட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை. அம்மா ஊற்றினாள்.